எல்லா வரியும் பச்சை

எட்டு வருஷ இடைவெளிக்குப் பிறகு மறுபடி சாஃப்ட்வேர் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வேளச்சேரி ஃப்ளாட்டின் சாப்பாட்டு மேஜைதான் ஆபீஸ். மயிலாப்பூரில் இருக்கும் மாமியாருக்கு இதில் நம்பிக்கையே இல்லை. "இனிமே அவளால முடியுமாடா?" என்று கேட்டவரிடம் என் கணவர் எனக்காக மல்லுக்கு நின்றிருந்தார். முடியும் என்று காட்டவேண்டியது என் பாடு.

முதல் வாரம் சின்ன வேலைதான். பெரிய கோப்பு ஒன்றில் ஒரே ஒரு வார்த்தையைத் திருத்த வேண்டும். திருத்தி, சேமித்து, டீமுக்கு அனுப்பிவிட்டுத் திரையைப் பார்த்தால் பழைய வரிகள் அத்தனையும் நீக்கியதாகச் சிவப்பு, அதே வரிகள் அத்தனையும் புதிதாகச் சேர்த்ததாகப் பச்சை. முழுக் கோப்பையும் நானே புதிதாக எழுதியதுபோல் என் பெயர் நின்றது.

பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று உண்டு, லைன் எண்டிங் என்போம். டீமில் எல்லோரும் வைப்பது ஒரு குறி. நான் டைப் செய்யும் எடிட்டர் மென்பொருள் விண்டோஸ் வழக்கப்படி எல்லா வரிக்கும் இரண்டு போட்டுவிட்டது; அதனால் எல்லா வரியும் மாறியதாகக் கணக்கு. அதை மாற்றும் செட்டிங் திரையின் கீழ் மூலையிலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் இதற்காகவே ஜூனியர்களை வறுத்தெடுத்தவள் நான்!

காபி டம்ளரோடு வந்த கணவர் திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "இவ்வளவும் நீயா எழுதினே?"

ஒரு வார்த்தைதான் என்று சொல்லியிருக்கலாம். சிரித்து வைத்தேன். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். உடனே போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். நாத்தனார், சித்தப்பா என்று ஆளாளுக்கு வாழ்த்த ஆரம்பித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து டீம் லீட் கூப்பிட்டான். என்னைவிட ரொம்பச் சின்னவன். லேப்டாப் ஸ்பீக்கரில் கணீரென்று கேட்டது.

"மேடம், நீங்க மாத்தினது ஒரு வார்த்தைதானே? மீதியெல்லாம் வெறும் லைன் எண்டிங். செட்டிங்கை மாத்திட்டுத் திருப்பி அனுப்பிடுங்க, ஒண்ணும் பிரச்சினை இல்ல."

அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை. கணவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் போனை எடுத்து அந்தப் படத்தை அழித்தார். வாழ்த்துகள் மட்டும் குரூப்பில் அப்படியே கிடந்தன.

உடனே மாமியாரிடமிருந்து போன்; குரல் எனக்கும் கேட்டது. "ஏண்டா அழிச்சே?"

"படம் சரியா விழலம்மா," என்றார். நான் தலையைத் தூக்காமல் செட்டிங்கை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"அப்போ நன்னா எடுத்து மறுபடியும் போடு. அவளை நான்தான் தப்பா நெனச்சுட்டேன். சாயங்காலம் மாமியெல்லாம் வருவா, காட்டணும்."