எங்கள் பலகை பங்குச் சந்தைக்குப் போனது

தொண்ணூறுகளின் கடைசியில் பாரோயில் ஒரு கணினி வகுப்பில் கிராணியாகப் பதிவேடு எழுதும் வேலை பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு இன்னொரு வேலை, சம்பளமில்லாதது. கோலாலம்பூர் கம்பெனி ஒன்று தமிழர்களுக்காக இணையத்தில் ஒரு பேச்சுப் பலகை நடத்தியது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதில் 'தோட்டத்து ஆட்கள்' என்ற பகுதியை நான்தான் பார்த்துக்கொண்டேன். கெட்ட வார்த்தைகளை அழிப்பேன், கேட்டதற்குப் பதில் எழுதுவேன். லிங்கிப் பக்கம் நாங்கள் வேலை செய்த தோட்டத்தை முதலாளி விற்று, குடியிருந்த லயங்களை இடித்த பிறகு சனம் மூலைக்கொன்றாகப் போயிருந்தது. அந்தப் பலகையில்தான் ஒருவரையொருவர் தேடினார்கள்.

ஒரு லாரி டிரைவர், கைக்குழந்தையாகத் தத்துக் கொடுத்துவிட்ட தன் தங்கையைத் தேடிப் பலகையில் ஒரு கடிதம் எழுதினார். நானும் பல மாதம் விசாரித்தேன். கல்யாணமாகி, நீலாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனைப் பார்க்க வர ஆரம்பித்தாள். சந்தோஷத்தில் அவர் இருவரும் சேர்ந்திருக்கும் படத்தைப் பலகையில் போட்டார்.

அடுத்த வருடம் கம்பெனி பங்குச் சந்தைக்குப் போனது. அதைக் கொண்டாடும் விருந்துக்கு என்னையும் ஹோட்டலுக்கு அழைத்தார்கள். பேச்சுகளுக்கு நடுவே பெரிய திரையில் டிரைவரின் கடிதமும் அந்தப் படமும் வந்தன. தங்கையின் பெயரும் இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மறுநாள் பேப்பரிலும் அது வந்தது.

டிரைவர் போன் செய்தார்.

"என் தங்கச்சி தத்துப் பிள்ளைன்னு அவ மாமியார் வீட்டுக்குத் தெரியாதும்மா. பேப்பரப் பாத்துட்டு, இனி என்னைப் பார்க்க வரக்கூடாதுன்னுட்டாங்க. படத்த நீங்களா கொடுத்தீங்க?"

"இல்லண்ணே."

"பின்ன யாருலா?"

"கம்பெனியே எடுத்துக்கிட்டாங்க. யாரையும் கேக்கல."

"சரிம்மா," என்றார். கோபப்பட்டுத் திட்டியிருந்தால் எனக்கும் அழுகையோ கோபமோ வந்திருக்கும். ஒன்றும் வரவில்லை. போனை வைத்துவிட்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டேன்.

கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். பலகையில் எழுதுவதெல்லாம் அவர்களுக்குச் சொந்தம், விதிமுறையிலேயே இருக்கிறது என்று பதில் வந்தது. கடிதத்தையும் படத்தையும் நானே அழித்தேன். இரண்டு நாளில் இரண்டும் திரும்ப இருந்தன. என் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. வேறு யாரோ அந்தப் பகுதியில் பதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு மதியங்களில் மேசையில் தலை வைத்துப் படுத்துக்கொள்வேன்.

தீபாவளியன்று டிரைவர் போனில் கூப்பிட்டார். தங்கை வரவில்லை என்றார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம்.