சேறு படாத கால்

கமூர் வாய்க்காலைக் கடக்கிறான். கடக்கிறான் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். உண்மையில் கடப்பவன் அவன் மருமகன் ஒலுக். கமூர் அவன் முதுகில் இருக்கிறான். மகளைக் கட்டிய மாப்பிள்ளையைப் பொதிமாடாக்கிய மாமனார் இந்த ஆற்றங்கரையில் இவன் ஒருவன்தான்.

"பாத்து மாப்ள. சேறு தெறிச்சிரப் போவுது. என் கால்ல சேறு பட்டா ஆத்தாளுக்கு ஆகாது."

"ஆத்தாளுக்கு ஆகுமோ ஆகாதோ மாமா, என் இடுப்புக்கு ஆகல."

ஆத்தாள் என்பது ஆறு. அவளை அழைப்பது கமூரின் வேலை. மலையில் பனி உருகும் பருவத்தில், வாய்க்கால் ஆற்றிலிருந்து பிரியும் வாயில் நின்று, எருதுக் கொம்பை ஊதி, "வா ஆத்தா, வா" என்று கூப்பிட வேண்டும். அவ்வளவுதான். அவன் அப்பன் கூப்பிட்டான், இவன் கூப்பிடுகிறான். கூப்பிடுகிறவன் காலில் வாய்க்கால் சேறு படக்கூடாது என்று ஒரு வழக்கம். அதை எவன் ஏற்படுத்தினானோ தெரியாது. வண்டல் வெட்டச் சோம்பல்பட்டவனாகத்தான் இருப்பான்.

ஊரே இறங்கி, மாட்டின் தோள்பட்டை எலும்பால் வண்டலைத் தோண்டி, நாணல் கூடையில் சுமந்து கொட்டும்போது, கமூர் கரையில் ஆட்டுத்தோலை விரித்துக் கால் கழுவிக்கொண்டிருப்பான். நாங்கள் குடிக்க வைத்திருக்கும் பானையிலிருந்துதான். குதிகாலைச் சொரசொரப்பான கல்லால் தேய்ப்பான். விரலிடுக்குகளைக் கோரையால் துடைப்பான். எங்கள் ஊர்ப் பெண்களில் எவளுக்கும் அப்படியொரு பாதம் கிடையாது.

நடுநடுவே காதைத் தரையில் வைத்துக் கேட்டு, "கெளம்பிட்டா" என்பான். ஒருமுறை கேட்டபடியே தூங்கிவிட்டான். காதுக்குள் எறும்பு போன பிறகு அலறி எழுந்தவன், அதையும் ஆத்தாள் அனுப்பிய சேதி என்றான். அதற்கும் தலையாட்டச் சிலர் இருந்தார்கள்.

வெள்ளம் நன்றாக வந்தால், "நான் கூப்ட்டேன், வந்தா." சரியாக வராவிட்டால், "உங்க மனசுல அழுக்கு." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தண்ணீர் கடைசி வயலைத் தொடும் அன்று ஊர் ஆடு அடிக்கும். முதல் தொடை அழைத்தவனுக்கு. அந்தத் தொடையை அவன் கடித்து இழுப்பதைப் பார்த்தால், இவனா ஒரு கூடை மண் தூக்க முடியாதவன் என்று தோன்றும்.

இந்த வருடமும் கூப்பிட்டான். ஆறும் வந்தது. வந்த வேகத்தில் எங்கள் வாய்க்காலின் வாயில் இடுப்பளவு வண்டலை அடைத்துவிட்டு, தன் மட்டத்தைச் சற்று இறக்கிக்கொண்டு எங்களைத் தாண்டி ஓடியது. பார்லி பால் பிடிக்கும் நேரம். ஒரு தண்ணீர் பாய்ந்தால் மணி திரளும்; பாயாவிட்டால் அத்தனையும் பதர். பிறகு குளிர்காலத்தில் விதைப் பார்லியைத் தின்ன வேண்டும், அது தீர்ந்தால் ஊரைக் காலி செய்ய வேண்டும். மேற்கே அப்படிக் காலியான ஊரின் மண்சுவர்கள் இன்னும் நிற்கின்றன. எங்கள் ஆடுகள் வெயிலுக்கு அங்கேதான் ஒதுங்கும்.

வாயைத் தோண்டக் கூடையோடு போனோம். கமூர் ஆட்டுத்தோலின்மேல் ஏறிக் குறுக்கே நின்றான். அழைத்த பிறகு வாயை யாரும் தொடக்கூடாதாம்.

"கூப்ட்டாச்சு. வர்ற விருந்தாளியக் கையப் புடிச்சு இழுப்பாங்களா? அவளா வருவா."

பார்லித் தாள் நுனி மஞ்சளடித்துவிட்டது. ஆனாலும் எங்கள் ஆண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்தார்கள். சூடு சொரணையற்ற கூட்டம். பேசியவள் நவூதி, கமூரின் செத்துப்போன அண்ணனுடைய மனைவி. கடைசி வயல் அவளுடையது. தண்ணீர் கடைசியாக வருவதும் அங்கேதான், பயிர் முதலில் காய்வதும் அங்கேதான்.

"ஏன் கொழுந்தனாரே, வாசப்படி இடுப்பொசரம் இருந்தா விருந்தாளி எப்படி ஏறி வருவா? உங்கள மாதிரி சுமந்துட்டு வர அவளுக்கு மாப்ள இருக்கானா?"

"மதினி, ஆத்தா கோவிச்சுக்கிட்டா அந்தப் பாவம் உங்க தலையில."

"என் தலையில கூடைக்கே எடம் பத்தல. தள்ளுங்க."

இறங்கிவிட்டாள். அவள் பின்னால் நாங்கள் பெண்கள். அப்புறம் ஒலுக்.

"மாப்ள, நீ எறங்காத. என்னய யாரு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறது?"

"நடந்து போங்க மாமா. பாதை காஞ்சுதான் கெடக்கு."

அதன் பிறகுதான் மற்ற ஆண்களுக்கும் கை முளைத்தது. கமூர் நடந்துதான் போனான், யாராவது திரும்ப அழைப்பார்களா என்று பார்த்துப் பார்த்து.

வாய் திறந்தது. பழுப்பு நுரையோடு, சருகையும் வண்டுகளையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் மெல்ல ஊர்ந்து வந்தது. நவூதியின் வரப்பைத் தொட்டபோது அவள் கரையில் உட்கார்ந்து, சேற்றுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ஆடு அடித்தோம். கறி பங்கு வைப்பது கடைசி வயல்காரியின் உரிமை. கமூர் வந்தான், பளபளவென்று கழுவிய காலோடு, கழுத்தில் கொம்போடு. வழக்கமான இடத்தில் முதல் ஆளாக உட்கார்ந்து கையை நீட்டினான்.

"நான் கூப்ட்டேன். வந்தா."

"வந்தா கொழுந்தனாரே, யாரு இல்லேன்னா. ஆனா இந்தத் தடவ கால்ல சேறு இருக்கிறவங்களுக்குத்தான் கறி" என்றாள் நவூதி. முதல் தொடை ஒலுக்குக்குப் போனது. ஆளாளுக்குக் காலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்கள்.

கமூர் எழுந்து வாய்க்கால் பக்கம் போனான். கோபித்துக்கொண்டு போகிறான் என்றுதான் நினைத்தேன். அவனிடம் அவ்வளவு மானம் இருக்கும் என்று நம்பிய என்னைச் சொல்ல வேண்டும். கரையில் ஆட்டுத்தோலை விரித்து உட்கார்ந்தான். சுற்றும்முற்றும் பார்த்தான். பிறகு குனிந்து, ஒரு கை சேற்றை அள்ளி, பாதம் முதல் முழங்கால்வரை, விரலிடுக்குகூட விடாமல், எண்ணெய் தேய்ப்பதுபோல நிதானமாகப் பூசிக்கொள்ளத் தொடங்கினான்.