மாமா பெயரை அழித்த கட்டளை

கறுப்புத் திரை. அதில் துடிக்கும் ஒரு வெள்ளைக் கோடு. காரைக்குடியில் அந்தக் கோட்டை வரவழைக்கத் தெரிந்தவள், பத்து வயதில், நான் ஒருத்திதான்.

சிங்கப்பூரில் தச்சுவேலை பார்த்த மாமா விடுமுறைக்குக் கொண்டுவந்த டிஸ்க் பிளேயர் அது. டிவியில் படம் காட்டும், பாடும், விளையாட்டும் ஆடும். டிஸ்க் போடாமல், ரிமோட்டில் இரண்டு பொத்தான்களை அமுக்கிக்கொண்டே சுவிட்சைப் போட்டால் அந்தக் கோடு வரும். தற்செயலாகக் கண்டதுதான், கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொண்டேன். அம்புக்குறியால் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி, பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் கற்ற கட்டளைகளைக் கொடுத்தேன். பெட்டி கீழ்ப்படிந்தது.

மாமா திரும்பிப் போனபின், அத்தை தினமும் மதியம் கோல்ஃப் விளையாட்டைப் போடுவார். ஆடமாட்டார். வெற்றிப் பட்டியலின் முதல் வரியில் மாமாவின் பெயர் வரும்; பார்த்துவிட்டு அணைத்துவிடுவார். ஆடத் தெரியாதவர் என்று நான் பாவப்பட்டேன்.

ஒருநாள் புது டிஸ்க் ஓடவில்லை. நினைவகத்தில் இடமில்லை என்றது பெட்டி. இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா? கோட்டை வரவழைத்தேன், பழசாய்த் தெரிந்த ஒரு கோப்பை அழித்தேன்.

மறுநாள் மதியம் பட்டியல் வெறுமையாய் நின்றது. அத்தை திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"அதத் திரும்பக் கொண்டாற முடியுமா தாயி?"

"ஆடுனாத்தான் பேரு கேக்கும் அத்தை. ஆடுறீகளா?"

ஆடினார். பந்து குளத்தில் விழுந்தது, மரத்தில் மோதியது. காலிப் பட்டியலில் எப்படி ஆடினாலும் முதலிடம்தான். பெட்டி பெயர் கேட்டது. சொல்லுங்கள், போடுகிறேன் என்றேன். கட்டியவர் பெயரை வாய்விட்டுச் சொல்லாதவர் அத்தை. ரேஷன் கடையில்கூட என்னைத்தான் முன்னால் தள்ளுவார்.

"கொடு இங்குட்டு" என்று ரிமோட்டை வாங்கினார். கடித உறையில் எழுதிப் பழகிய ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி, மாமாவின் பெயரை அவரே போட்டார். பிறகு ஒரு மதியம்கூட ஆட்டம் நிற்கவில்லை.

அடுத்த ஆண்டு மாமா வந்தபோது பட்டியலின் பத்து வரியிலும் அவர் பெயர். நானா இவ்வளவு நன்றாக ஆடினேன் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டினார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை என் தொடையைக் கிள்ளினார்.

பெயரை அழித்தபோது அதட்டக்கூட இல்லை. நிஜத்தைச் சொல்லப்போனால் கிள்ளு. அத்தைக்கு மாமாவிடம் அவ்வளவு பயம் என்று முடிவுகட்டினேன்.