ஒன்றரை வேலி மிராசுதாரும் ஒரு காப்பீட்டு அட்டையும்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சம்பா நடவு முடிந்த கையோடு நடந்தது இது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். எங்கள் பக்கத்தில் பெண் கேட்டு வருகிறவர்கள், பெண் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்பதற்கு முன்னால் நிலம் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். என் மகளைத் திருவாரூரிலிருந்து பார்க்க வந்தவர்களும் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் கொஞ்சமும் யோசிக்காமல், "ஒன்றரை வேலிங்க" என்றார்.

காபித் தட்டோடு நின்றிருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் சாகுபடி செய்வது ஒன்றரை வேலிதான், பத்து ஏக்கர். ஆனால் சொந்தம் மூன்றே மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். மிச்சமெல்லாம் கோயில் நிலம், குத்தகை. அவர்கள் போனதும் பிடித்துக்கொண்டேன். உழுவது அவ்வளவுதானே, இதில் பொய் எங்கே வந்தது என்று மீசையைத் தடவிக்கொண்டார் மனுஷன். அவர்கள் பங்குக்கு, சொந்தமாக நெல் அறுக்கும் மிஷின் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பெரிய இடம்தான் என்று எனக்கும் உள்ளூரச் சந்தோஷம். தட்டு மாற்றி, தையில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

அடுத்த வாரமே எங்கள் பஞ்சாயத்து ஆபீசில் அரசு காப்பீட்டு அட்டைக்கு முகாம் போட்டார்கள். வருமானம் குறைவு என்பதற்குச் சான்று வாங்கிக் கொடுத்தால் அட்டை கிடைக்கும். நான் ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஒன்றரை வேலிக்காரன் பெண்டாட்டி அந்த வரிசையில் நின்றால் சம்பந்தி வீட்டுக் காதுக்குப் போகாதா என்று தடுத்துவிட்டார். அவரை மட்டும் குறை சொல்வானேன்? நானும் பையை ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனவள்தான்.

கார்த்திகையில் உர மூட்டையோடு வயலுக்குப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். ரத்தக் குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்க வேண்டும், ரொம்ப நாள் தள்ளக்கூடாது என்றார் டாக்டர். காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கவுன்ட்டரில் கேட்டார்கள். இருந்தால் ஒரு பைசா கட்ட வேண்டாமாம். இல்லையென்றால், இருக்கிற மூன்று மாவையும் விற்றாக வேண்டும். மாத்திரையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினோம்.

இப்போதாவது அட்டை வாங்கலாம் என்றால், என் வீட்டுக்காரர் அசையவில்லை. வருமானச் சான்றுக்கு மனுப் போட்டால் வி.ஏ.ஓ. ஊருக்குள் வந்து விசாரிப்பார், குத்தகை விஷயம் வெளியே வரும், கல்யாணம் நின்றுவிடும் என்று பயம். "கல்யாணம் முடியட்டும், அப்புறம் வச்சுக்கலாம்" என்றார். தை வரைக்கும் அந்த நெஞ்சு பொறுத்திருக்குமா? எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை.

மறுநாள் காலையில் ரேஷன் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திருவாரூர் பஸ்ஸில் ஏறினேன். சம்பந்தியம்மா மட்டும்தான் வீட்டில் இருந்தார். உட்காரக்கூட இல்லை, வாசற்படியைத் தாண்டியதுமே சொல்லிவிட்டேன்.

"எங்களுக்குச் சொந்தம் மூணு மாதாங்க. மத்ததெல்லாம் குத்தகை. அவருக்கு நெஞ்சுல அடைப்பு, அட்டை வாங்கினாத்தான் வைத்தியம். ஊர்ல யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னு வந்தேன். வேணாம்னு தோணுச்சுன்னா இப்பவே சொல்லிடுங்க."

அந்த அம்மாள் என்னையே பார்த்தார். சட்டென்று திரும்பி உள்ளே போனார். மாற்றிய தட்டைத் திருப்பித் தரத்தான் போகிறார், என் மகள் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் கவரில் போட்ட ஒரு அட்டையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அதே காப்பீட்டு அட்டை.

"போன வருஷம் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் இதுலதாங்க நடந்துச்சு. ஒன்றரை வேலிக்காரங்களுக்குத் தெரிஞ்சா கேவலம்னு எங்க வீட்டுக்காரர் பூட்டி வச்சிருக்கார்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த அறுப்பு மிஷினும் வாடகை மிஷின்தாங்க" என்றார்.

அட, கடவுளே! இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாப்பிடாமல் என்னை விடவில்லை.

அதற்கப்புறம் காரியம் மளமளவென்று நடந்தது. இரண்டே நாளில் சம்பந்தி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். இரண்டு ஆண்களும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கக் கூச்சப்பட்ட அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! அவரே என் வீட்டுக்காரரை அழைத்துப்போய்ச் சான்றுக்கு மனுப் போட வைத்தார். வி.ஏ.ஓ. வந்து கேட்டபோது, தெருவே வேடிக்கை பார்க்க, "சொந்தம் மூணு மாங்க" என்று பளிச்சென்று சொன்னார் எங்கள் மிராசுதார். அட்டைக்குப் புகைப்படம் எடுக்கும் வரிசையில் சம்பந்தியும் துணைக்கு நின்றார். அட்டை கிடைத்த அதே வாரம் ஸ்டென்ட் வைத்தார்கள். தையில் மணவறையில் உட்கார்ந்து, மகளைத் தன் கையால் தாரை வார்த்துக் கொடுத்தார்.

இப்போது முகாம் போட்டால் முதல் ஆளாகப் போய் நிற்கிறார். கௌரவம் பார்த்து வாசலோடு திரும்புகிறவர்களைச் சட்டையைத் திறந்து காட்டாத குறையாக உள்ளே தள்ளிக்கொண்டு போகிறார். யாராவது அவரிடம் நிலம் எவ்வளவு என்று கேட்டால், ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "மூணு மா" என்பார். அதைச் சொல்ல மனுஷன் உயிரோடு இருக்கிறாரே என்று, அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் ஒன்றரை வேலியும் எனக்கே சொந்தமானதுபோல நெஞ்சு நிறைந்துவிடுகிறது.