நாரை வீட்டுக் கடைசி ஆள்

கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டு, அதற்கு மேல் முத்திரை மோதிரத்தைப் போட்டுக்கொண்டுதான் எக்ஹார்ட் பிரபு மதகுப் பலகையில் கை வைப்பார். விரல் மெலிந்துவிட்டது, வெறும் விரலில் மோதிரம் நிற்பதில்லை. கழற்றிப் பெட்டியில் வைத்தால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. மோதிரத்தில் ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு நாரை இருக்கிறது. ஓர்லன்பாக் வம்சத்தின் சின்னம் அது.

மதகைத் திறந்து தண்ணீர் போகிற அழகைப் பார்த்துவிட்டுக் கரைமேல் நடப்பார். நடக்கும்போது வாய் அசைந்துகொண்டே இருக்கும். ஜெபம் என்று நினைத்தால் தப்பு. தாத்தா பாட்டிகளுடைய தாத்தா பாட்டிகள் பதினாறு பேரின் பெயரை வரிசையாகச் சொல்வார். பதினாறும் பிரபு வீட்டுப் பிறப்பு, நடுவில் ஒரு தறியோ ஏரோ இல்லை. குளங்களுக்கும் பாட்டிமார் பெயர்தான். இது அடெல்குண்டே கொண்டுவந்த குளம், அது ஸிபில்லா சீதனமாகக் கொண்டுவந்த குளம் என்று காட்டுவார். அந்த வீட்டு ஆண்கள் சண்டைக்குப் போய்க் காட்டை விற்றார்கள். பெண்கள் குளத்தோடு வந்தார்கள். ஐந்நூறு வருஷத்துக் கதை அவ்வளவுதான். அவரிடம் கேட்டால் மூன்று மணி நேரம் சொல்வார்.

இப்போது பெரிய வீட்டுக்குக் கூரை இல்லை. பிரபுவும் அவர் மனைவி லோனியும் வாசல் கோபுரத்தின் இரண்டு அறைகளில் இருக்கிறார்கள். காலையில் கம்பு ரொட்டியும் கஞ்சியும். கஞ்சி குடிக்கிற வெள்ளிக் கரண்டியின் நாரைக்குத் தேய்ந்து தேய்ந்து தலை போய்விட்டது. அந்தக் கரண்டியைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்கமாட்டார். கோட்டின் முழங்கையில் லோனி போட்ட ஒட்டு இருக்கும். அந்தக் கோட்டோடு முழங்கால் வரை சேற்றில் நின்று கெண்டை அரித்துக் கூடையில் போடுவார்.

போன இலையுதிர் காலத்தில் மீன் வாங்க ஒரு பட்டணத்து வியாபாரி வந்தான்.

"யோவ் ஓர்லன்பாக், பெருசாப் பாத்துப் போடுய்யா!"

பிரபு திரும்பவே இல்லை. வலையை உதறிக்கொண்டிருந்தார். மீன் அலச வந்திருந்த நான்தான் அந்த ஆளிடம் மெதுவாகச் சொன்னேன்.

"பிரபுன்னு கூப்புடுங்க. இல்லன்னா சாயங்காலம் வரைக்கும் இப்பிடியே நிக்க வேண்டியதுதான்."

"அந்தப் பட்டமெல்லாம் சக்கரவர்த்தி ஓடிப்போனப்பவே செல்லாமப் போச்சேம்மா?"

"உங்க ஊர்ல செல்லாது. இந்தக் குளத்துல செல்லும்."

அவன் சிரித்துக்கொண்டே "பிரபுவே" என்றான். உடனே திரும்பி, இருந்ததிலேயே பெரிய மீனை எடுத்துக் கொடுத்தார். கிண்டல் செய்தான் என்பது அவருக்குத் தெரியும். கிண்டலாகச் சொன்னாலும் பட்டம் பட்டம்தான் அவருக்கு.

இப்படிப்பட்ட மனிதர் மாவு ஆலைக்காரர் மகளைக் கல்யாணம் செய்துகொண்டதை ஊர் இன்னும் பேசுகிறது. குடித்துவிட்டுச் செய்தார் என்பார்கள், கடனுக்காகச் செய்தார் என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். அப்பொலோனியா, எங்களுக்கு லோனி, மூட்டைமேல் உட்கார்ந்து சீழ்க்கை அடிப்பாள். அதைக் கேட்கிறதற்கென்றே அவர் அரைக்க ஒன்றும் இல்லாத நாளிலும் ஆலைக்கு வருவார். என் கண்ணால் பார்த்தது.

கல்யாணம் செய்தாரே ஒழிய, வம்ச விதியை விடவில்லை. சமமான பிறப்பு இல்லாத பெண் மனைவியாக இருக்கலாம், வம்சத்தில் சேரமாட்டாள். அவள் பெற்ற பிள்ளையும் சேராது. கோயிலில் ஓர்லன்பாக்காருக்கென்று மேலே ஒரு மாடம் இருக்கிறது, அங்கே குளிர்காயத் தனி அடுப்புகூட உண்டு. ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே குடையில் வருவார்கள். வாசலில் பிரிவார்கள். அவர் படியேறித் தனியாக மேலே உட்காருவார். அவள் கீழே ஆலைக்காரர் வரிசையில் உட்காருவாள். பாட்டு முடிந்ததும் மறுபடி ஒரே குடை. இத்தனை வருஷமும் இப்படித்தான்.

"மேல கதகதன்னு இருந்துச்சா?" என்று வழியில் கேட்பாள்.

"இருந்துச்சு."

"கீழ பல்லு தந்தியடிச்சுது. ஆனா பேச்சுத் துணைக்கு ஆளு இருந்துச்சு."

அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். ஓட்மார். குட்டையில் அம்மா மாதிரி, கைவேலையில் அப்பா மாதிரி. குளிர்காலத்தில் குளம் உறைந்தால் கெண்டை மூச்சு விடுவதற்குப் பனிக்கட்டியை அறுத்து ஓட்டை போடவேண்டும். அப்படி அறுக்கப் போன இடத்தில் காலடியில் பனிக்கட்டி உடைந்து தண்ணீரில் விழுந்தான். பிரபுதான் இழுத்துக் கரையேற்றினார். மார்ச்சளி கண்டு ஒரு வாரத்தில் போய்விட்டான். பத்தொன்பது வயது.

கோயிலுக்கு அடியில் ஓர்லன்பாக்காரின் கல்லறை நிலவறை இருக்கிறது. பையனை அங்கே வைக்கவில்லை. சுவரோரமாக, ஆலைக்காரர் பக்கத்தில் புதைத்தார்கள். கல்லில் நாரையும் இல்லை. பாதிரியாரே இறங்கி வந்து, "நிலவறையைத் திறக்கலாமே ஐயா, யாரு கேக்கப்போறா?" என்றார். "வம்ச விதி" என்றார் பிரபு. பிள்ளைமேல் பாசம் இல்லாத மனிதர் என்று அன்றைக்குப் பேசினார்கள். அதையும் நான் ஒப்பமாட்டேன். பையன் அடக்கத்துக்குக் கையுறை இல்லாமல் வந்திருந்தார். பனிக்கட்டி கீறிய கையெல்லாம் ரணம்.

வம்சத்தில் கடைசி ஆண் செத்தால் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சின்னத்தைத் தலைகீழாகச் செதுக்கிக் கல்லறைமேல் வைப்பார்கள். "இன்றோடு ஓர்லன்பாக், இனி என்றும் இல்லை" என்று ஒருவர் உரக்கச் சொல்லவேண்டும். மகனைச் சேர்க்காததால் கடைசி ஆள் பிரபுதான் என்றாயிற்று. தமக்கான கல்லைத் தாமே செய்யச் சொன்னார். கல்தச்சர் வைக்மன் செதுக்கி முடித்துவிட்டார், தேதி மட்டும் பாக்கி. நாரை கால் மேலாக, அலகு கீழாக.

"கண்ணுக்குப் பழகவே மாட்டேங்குது," என்பார் வைக்மன். "பாதி வேலையில நானே குனிஞ்சு கவுட்டுக்குள்ள தலைய விட்டுப் பாத்துக்கிட்டேன். என் பொண்டாட்டி மந்திரவாதிக்கு ஆள் அனுப்பப் போயிட்டா."

நிலவறையில் மீதி இருப்பது ஒரே ஒரு இடம். பிரபு அதற்காகத்தான் உயிரோடு இருக்கிறார் என்றுகூடச் சொல்லலாம்.

இந்த வருஷம் லோனியின் கால் வீங்கி, வீக்கம் மெல்ல மேலே ஏறிவிட்டது. வைத்தியர் வந்து பார்த்து, பனி உருகுகிற வரைக்கும் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் நான் அவர்கள் அறையில் முட்டைக்கோசு நறுக்கிக்கொண்டிருந்தேன். அடுப்போரம் நாற்காலியில் லோனி. பிரபு வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"லோனி. நிலவறையில ஒரு எடம் இருக்கு. யோசிச்சுப் பாத்தேன். உன்னை அங்க வச்சிரலாம்."

அந்த வார்த்தைக்காக அவர் எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்திருப்பார் என்று முகத்திலேயே தெரிந்தது. பதினாறு பேரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்த முகம் அது. லோனி சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும், வந்தது.

"எதுக்குங்க? உங்க பதினாறு கிழடும் சேந்து என்னை மாவு சலிக்கச் சொல்லவா?"

"விளையாடாத."

"வெளையாடல. நான் அங்க படுத்துட்டா நீங்க எங்க போவீங்க? ஒரு எடம்தானே?"

அவளே தொடர்ந்தாள்.

"என்னைப் புள்ளகிட்டப் போடுங்க. அவன் ரொம்ப நாளாத் தனியாக் கெடக்கான்."

"அப்ப நான்?"

"உங்களுக்கென்ன, சொந்தபந்தம் பூரா கீழதானே இருக்கு. எறங்கிப் போயிப் பேசிக்கிட்டு இருங்க." சற்று மூச்சு வாங்கிவிட்டு, குரலை இறக்கிக் கேட்டாள்: "ஏங்க, அவன் பொறந்த அன்னிக்கு உங்க கையில குடுத்தேன். மோந்து பாத்தீங்க. மோந்து பாத்துச் சிரிச்சீங்க. அன்னிக்கு அவன் யாரு வம்சம்?"

பிரபு அடுப்பைத் திறந்து விறகு போட்டார். விறகு ஏற்கெனவே நிறைய இருந்தது. அடுப்புக் கதவை மூட முடியவில்லை. மூடாமலே வெளியே போய்விட்டார்.

"சொல்லிட்டேன்டி," என்றாள் லோனி என்னிடம். "இத்தனை வருசம் சொல்லல. இப்ப சொல்லிட்டேன். சந்தோசமாவும் இல்ல."

அன்றிலிருந்து அவர் கரையில் நடக்கும்போது வாய் அசையவில்லை. பெயர்கள் மறந்துவிட்டனவோ, சொல்லப் பிடிக்கவில்லையோ, நான் கேட்கவில்லை.

இறந்தோர் ஞாயிறு வந்தது. நவம்பர் கடைசி, மழைக்கும் பனிக்கும் நடுவில் ஒரு நசநசப்பு. அன்றைக்கு எல்லாரும் ஊசியிலைக் கிளை வெட்டிக்கொண்டு போய்த் தங்கள் வீட்டுக் கல்லறைகளை மூடுவோம். லோனியால் வர முடியவில்லை. குடையில் பிரபு மட்டும் வந்தார், குடையைப் பாதிதான் தம் பக்கம் பிடித்திருந்தார். மேல்மாடத்தில் உட்கார்ந்தார். வழிபாடு முடிந்ததும் வழக்கமாக நிலவறைக்குத்தான் மலர்வளையம் கொண்டுபோவார். பாதிரியார் சாவியோடு காத்திருந்தார். பிரபு அவரைத் தாண்டிச் சுவரோரம் போனார்.

அங்கே வைக்மன் லோனிக்காக இடம் அளந்து குச்சி அடித்துக்கொண்டிருந்தார். நான் என் புருஷன் கல்லறைமேல் கிளை பரப்பிக்கொண்டிருந்தேன்.

"இன்னொருத்தருக்கும் எடம் பத்துமா?" என்று கேட்டார் பிரபு.

வைக்மன் குச்சியைக் கீழே வைத்தார். "யாருக்குங்க ஐயா?"

"பத்துமா பத்தாதா, அதச் சொல்லுப்பா."

"அகலம் பத்தும். நீளந்தான் இடிக்கும், கால்மாட்டுல சுவரு. அம்மா குட்ட, தம்பியும் குட்ட, சரியாப் போச்சு. நீங்க ஒசரம் ஐயா." கொஞ்சம் தயங்கி, "அப்ப அந்த நாரைக் கல்லு?" என்றார். "இந்தப் பக்கம் அத நட முடியாதே. அந்தச் சொல்லையும் யாரு இங்க வந்து சொல்லுவா?"

கல்லறை மைதானம் முழுக்கக் கிளை வெட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. ஓர்லன்பாக்கார் ஒருவர் நிலவறைக்கு வெளியே படுத்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

பிரபு தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். பையனுடைய கல்லுக்கும் குச்சிகளுக்கும் அப்பால், சேற்றுப் புல்லில் ஒரு கையை ஊன்றி மெல்ல உட்கார்ந்தார். பிறகு கோட்டோடு மல்லாந்து படுத்தார். அவருடைய பூட்ஸ் சுவரில் போய் முட்டியது. மழை முகத்தில் விழுந்தது, அதைத் துடைக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்துவிட்டு, பையன் இருக்கும் பக்கமாக ஒருக்களித்து, இரண்டு முழங்காலையும் மடக்கிக்கொண்டார்.