அன்ரனி அண்ணையின் உப்பும் உறக்கமும்

இரத்தம் எடுப்பவளைக் கண்டு சிரிக்கிறவர்கள் குறைவு. ஊசி பிடிக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு அதை நான் சொல்லத் தேவையில்லை. இப்போது யாழ்ப்பாணத்தில் குளிரூட்டிய அறையில் இருக்கிறேன். ஆனாலும் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில், ஒற்றை மின்விசிறிக்குக் கீழே வேலை செய்த காலத்தை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

இளகாத கை

அனலைதீவு அன்ரனி அண்ணை இரவு முழுக்கக் கடலில் மீன்பிடித்துவிட்டு, விடிய வள்ளத்தால் இறங்கி நேரே என்னிடம் வந்தார். கால் நரம்பு இழுக்கிறதாம். இரத்தத்தில் உப்புகளின் அளவு சரிவராவிட்டால் கடலுக்குப் போகக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். கடலை விட்டால் அந்த மனிதருக்கு வேறொன்றும் தெரியாது.

ஊசி ஏற்ற முன்பே கையை இறுக்கிப் பொத்திப் பொத்தித் திறந்தார். அப்படிச் செய்தால் பொட்டாசியம் என்கிற உப்பைக் கூட்டிக் காட்டும், இளக்குங்கோ என்று கெஞ்சினேன்.

"வலைக்கயிறு பிடிச்ச கை பிள்ளை, இளக்கச் சொன்னால் அதுக்கு விளங்காது."

கனடாக் குளிசை

பயந்தபடியே பொட்டாசியம் கூடித்தான் வந்தது. அடுத்த பரிசோதனை வரை கடல் இல்லை. இரவில் விழித்தே பழகிய மனிதருக்கு வீட்டில் கண் மூடவில்லை. கனடாவில் இருக்கும் மகள் நித்திரைக் குளிசை அனுப்பினாள். அதை டொக்டரிடம் கொண்டுவந்து காட்டினார்.

"இது மெலற்றோனின். இருட்டினால் உடம்பே சுரக்கிற சாமான். சிறுநீரகம் உப்பைக் கழிக்கிறதிலையும், எலும்பிலை கல்சியம் சேருறதிலையும் இதுக்கொரு பங்கு இருக்கு எண்டு சொல்லினம், இன்னும் ஆராயினம். உங்கட பிரஷர் மருந்தோடை இதைத் தொடாதேங்கோ. லைற்றை நூத்துப்போட்டுப் படுங்கோ" என்றார் டொக்டர்.

அண்ணை குளிசைப் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கர்த்தர் ஓசியிலை தந்த இருட்டை, மகள் காசு குடுத்துத் தபாலிலை அனுப்பியிருக்கிறாள்."

நல்ல ரிப்போட்

மறுமுறை கை கொஞ்சம் இளகியிருந்தது. அளவும் சரியாக வந்தது. அது உறக்கத்தாலா, கை இளகியதாலா என்று டொக்டருக்கே நிச்சயமில்லை. அண்ணை கடலுக்குப் போகலாம் என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

ரிப்போட்டை வாங்க அண்ணையின் மனைவி மேரி அக்கா வந்தா. முற்றத்து லைற்றை நூத்து, யன்னலுக்குத் தடித்த சீலை கட்டி, ஒருமாதிரி மனிசனை உறங்கவைத்தவ அவதான். அண்ணை இன்றிரவே கடலுக்குப் போகலாம் என்று சந்தோசமாகச் சொன்னேன். அக்காவின் கண் கலங்கிவிட்டது.

"கலியாணம் கட்டின நாள் தொட்டு ராவிலை நான் தனியத்தான் படுத்தனான் பிள்ளை. ரிப்போட் வரேல்லை எண்டு இண்டைக்கு ஒருக்கால் அவரிட்டைச் சொல்லுவீரோ?"

நல்ல செய்தி சொல்லிவிட்டு மன்னிப்பும் கேட்க வேண்டிவருகிற தொழில் எங்களுடையது மட்டுமாகத்தான் இருக்கும்.