ஏழாம் எண் பிரஸ்

தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அழுத்தும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. பன்னிரண்டு பிரஸ்களில் அன்றைக்கு எது ஓடும், எது ரிப்பேருக்கு நிற்கும் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்ய வேண்டும். நிபந்தனைகளை நான் எழுதுவேன்; எல்லாவற்றுக்கும் பொருந்துகிற விடையை அது தேடும்.

பிரஸ்களின் நிலையை வரிசையான கட்டங்களாக வைத்திருந்தேன். ஒரு கட்டத்தில் 'ரிப்பேர்' என்று எழுதிவிட்டு, அப்புறம் எது ஓடும் என்று பார்க்க ஒரு கட்டத்தைப் படிக்கிறோம். எழுதியதும் படிப்பதும் ஒரே எண்ணாக இருந்தால் புதிதாக எழுதியது வர வேண்டும். வேறு எண் என்றால் பழையதே வர வேண்டும். எந்த எண் என்பது தேடி முடித்தால்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு விதிகளையும் பார்க்க அந்த மெஷினுக்கு அரை நாள் பிடித்தது. ரிப்பேருக்கு நிற்பதும் ஓடுவதும் ஒரே பிரஸ்ஸாக எப்படி இருக்கும் என்று நினைத்து, ஒரே எண்ணுக்கான முதல் விதியை எடுத்துவிட்டேன். நிமிஷத்தில் விடை வந்தது. மேனேஜர் பாராட்டினார்.

மூன்றாம் வாரம் ஒரு காலையில், கம்ப்யூட்டர் அச்சிட்ட தாள்களில், பிரஸ்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டரின் தாளில் ஏழாம் எண் ரிப்பேர். ஆப்பரேட்டரின் தாளில் அதே ஏழாம் எண் ஓட வேண்டும். நான் எடுத்த விதி இருந்திருந்தால் இரண்டும் ஒன்றாக வந்திருக்காது. பிரஸ்ஸின் பின்பக்கம் ஃபிட்டர் கை விட்டிருந்தது தெரியாமல் ஆப்பரேட்டர் பெடலை மிதித்துவிட்டார். ஃபிட்டரின் வலது கையில் மூன்று விரல்கள் போயின.

"மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணாதது ஃபிட்டர் தப்பு. நீ வாயைத் திறக்காதே" என்றார் மேனேஜர். நான் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனூரில் ஃபிட்டரின் வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, தாள்லதான் தப்பு. நான் செஞ்சது."

"தெரியும்மா. ரெண்டு தாளையும் பார்த்தேன். இத்த ஆபீஸ்ல சொன்னியா?"

"இல்லைண்ணே."

"அப்பறம் இங்க இன்னாத்துக்கு வந்துகினு கீற?"

அவர் மனைவி என்னை உட்காரச் சொல்லவில்லை.

மறுநாள் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு, விபத்தை விசாரிக்க வந்த அரசு அதிகாரியிடம் கொடுத்தேன். அந்த வாரமே எனக்கு வேலை போனது. ஃபிட்டர் மேலிருந்த பழி நீங்கியது. அவரைக் கம்பெனி வாசல் கேட்டில் உட்கார வைத்தார்கள். ஸ்பேனர் பிடித்த மனுஷன், வருகிற லாரிகளின் எண்ணை இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டேன். அவரைப் பார்க்க மறுபடி எனக்குத் தைரியம் வரவில்லை.